மடக்கு சைக்கிளும் ஒரு கடைவாய்ப் பல்லும்

மடக்கு சைக்கிளை மடக்குவது இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மிகவும் வருந்தத்தக்க தவறு. 1972 மார்கழியில் நடந்ததைச் சொல்லி அதைத் திருத்துவது என் கடமை.

யேசுதாஸ் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவன். வீடு ஐந்து மைல் தள்ளி, ஒரு கிராமத்துக் காலனியில். கிராமத்தின் பெயர் வேண்டாம். அங்கேயும் பத்திரிகை படிக்கிறார்கள்.

காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரே வழி ஊர்த்தெரு. காலனிக்காரர்கள் யாரும் அந்தத் தெருவில் சைக்கிள் மேல் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். அதைக் கண் இமைக்காமல் காத்து வந்தவர் பண்ணைக்காரர் பொன்னுரங்கம்.

யேசுதாஸின் மச்சான் அந்தோணி கப்பலில் சமையல்காரன். அந்த வருஷம் ஊருக்கு வந்தபோது ஒரு மடக்கு சைக்கிள் கொண்டுவந்து கொடுத்தான். சின்னச் சக்கரம், சிவப்புப் பெயின்ட், பின்னால் கேரியர், நடுவில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் சைக்கிள் இரண்டாக மடியும்.

முதல் நாள் விடியற்காலை, ஊர்த்தெரு ஆரம்பிக்கும் இடத்தில் யேசுதாஸ் இறங்கினான். திருகினான். மடக்கினான். தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

டீக்கடை வாசலில், மப்ளருக்குள்ளிருந்து பொன்னுரங்கம் கேட்டார்.

"இன்னாடா அது?"

"சைக்கிளுங்க."

"தள்ளிக்கினு போறதுதானேடா?"

"தள்ளினா சக்கரம் தெருவுல படுதுங்களே. ஐயா தெருவாச்சே, எதுக்கு அதுன்னு தூக்கிக்கினேன்."

பொன்னுரங்கம் நெகிழ்ந்துபோனார். "பாத்துக்கங்கடா. மரியாதைன்னா இது!"

காலனியில் யாரும் நெகிழவில்லை. மனைவி லில்லி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பேசினாள்.

"எங்க அண்ணன் ஏறிப் போறதுக்குக் குடுத்துச்சா, காவடி எடுக்கறதுக்குக் குடுத்துச்சா? மத்தவங்களாவது தள்ளிக்கினு போறாங்க. உன்னை மாதிரி கூழைக் கும்பிடு போட ஜில்லாவுலயே ஆள் கிடையாதுய்யா."

"இரு லில்லி. திருகு புதுசு. கொஞ்சம் பழகட்டும்."

மார்கழி பாதியில் பனி கொட்டியது. பொன்னுரங்கத்துக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டு கன்னம் பன் ரொட்டியானது. வாயைத் திறந்தால் பனிக்காற்று ஓட்டைப் பல்லுக்குள் ஊசியாக இறங்கியது. மூடுபனியில் முதல் பஸ் வரவில்லை. மாட்டுவண்டி காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் பல் வயதாகித் தானே விழுந்துவிடும். அவருக்கோ சைக்கிள் விடத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து, தோளில் சைக்கிளோடு யேசுதாஸ் வந்தான். பொன்னுரங்கத்தின் மனைவி கங்கையம்மாள் ஓடிவந்து மறித்தாள்.

"யப்பா யேசுதாஸ், ஐயாவைப் பல் டாக்டராண்ட இட்டுக்கினு போயிடுப்பா. துடியாத் துடிக்கிறாரு."

"இதோங்கம்மா. தெருக்கோடிக்கு வந்துடச் சொல்லுங்க. அங்க சைக்கிளை விரிச்சுடறேன்."

"இங்கயே ஏத்திக்கினு போயேன்பா!"

"சட்டம் ஐயாவோடதுங்களே. ஐயா வாயால சொல்லட்டும்."

பொன்னுரங்கம் 'ஏறு, ஏறு' என்று கையைக் காட்டினார்.

"கையை ஆட்டுனா எப்படிங்க? நாளைக்கு நானா ஏறிட்டேன்னு ஆயிடும்."

தெரு இருநூறு தப்படி. முன்னால், சைக்கிளைச் சுமந்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு மெதுவாக யேசுதாஸ். பின்னால், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம். கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்சவேணி நிமிர்ந்தாள்.

"இன்னா மாமா, சைக்கிள் ஜம்முனு சவாரி போவுது, நீங்க நடந்து வர்றீங்க?"

அம்மன் கோயில் எதிரே ஒரு காற்று அடித்தது. பொன்னுரங்கம் நின்றார். வாயைத் திறந்தார்.

"ஏர்றா!" என்று அலறினார். "ஏறித் தொலைடா!"

மூடியிருந்த கதவுகளெல்லாம் திறந்தன.

யேசுதாஸ் அங்கேயே, நட்டநடுத் தெருவில், சைக்கிளை விரித்தான். திருகை இறுக்கினான். ஆட்டிப் பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்று இறுக்கினான். ஐயாவைக் கேரியரில் உட்காரவைத்து, எதிரே ஒரு கோழிகூட இல்லாத தெருவில் பெல் அடித்துக்கொண்டே போனான்.

பல்லைப் பிடுங்கிய டாக்டர், மூன்று நாள் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே, 'ஏறு' என்ற உத்தரவு யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று பொன்னுரங்கத்தால் விளக்க முடியவில்லை. அந்த மூன்று நாளில் காலனியிலிருந்து பதினோரு சைக்கிள்கள் ஊர்த்தெருவில் ஆளோடு போயின. நாலாம் நாள் அவர் வாயைத் திறந்தபோது பன்னிரண்டாவது போய்க்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்றார்.

மாசிக்குள், யேசுதாஸின் சைக்கிளில் அந்தத் திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது.