ரெண்டு நாள் வீரன்

ஒரு மாட்டுக் கொட்டகைச் சுவரின் மாடப்பிறையில், குப்பிக்குள் ஊசி மருந்து ஒன்று குடியிருந்தது. செவலைப் பசுவுக்கு மடி வீங்கிப் பால் திரிந்து வரும்போதெல்லாம் அதுதான் உள்ளே போய்க் கிருமிகளை விரட்டும். அதில் அதற்கு மகா பெருமை.

"மூணு தடவை போனேன். மூணு தடவையும் ரெண்டே நாள்! வீக்கம் வடிஞ்சுதா இல்லையா, நீயே சொல்லு."

"வடிஞ்சுதுப்பா, நீ மகராசன்தான். ஆனா டாக்டர் அஞ்சு நாள் போடணும்னாரே?" என்பாள் செவலை.

"அதெல்லாம் சோப்ளாங்கி மருந்துக்கு!"

வீட்டுக்காரம்மாவும் வீக்கம் வடிந்ததுமே, மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று குப்பியை எடுத்து வைத்துவிடுவாள்.

நாலாம் தடவை மடி கல்லாக இறுகிவிட்டது. பாலோடு ரத்தமும் வந்தது. கன்று வாய் வைத்தால் செவலை வலி தாங்காமல் உதைத்தாள்.

"எப்படியாவது என் மடியைக் காப்பாத்திக் கொடுப்பா. பிள்ளை பட்டினி கிடக்குது" என்று அழுதாள்.

"நான் இருக்கேன், பயப்படாதே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மருந்து ஊசி வழியே இறங்கி, மடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே யாரும் ஓடவில்லை. மூன்று தடவையும் மூலையில் ஒளிந்து பிழைத்த கிருமிகள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு மடி நிறைய உட்கார்ந்திருந்தன.

"நான் யார் தெரியுமா?" என்று மருந்து அதட்டியது.

"தெரியாம என்ன மாமா, பழகின முகம்தானே?" என்று ஒரு கிருமி நகர்ந்து இடம் கொடுத்தது. "உட்காருங்க. எப்படியும் ரெண்டு நாள்தானே இருப்பீங்க, ஒரு வாய் பால் குடிச்சிட்டுப் போங்க."