கண் ஆஸ்பத்திரிப் படம்

இரண்டாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய ரதி, பட்டதாரி ரோகினியின் வாயை அடைத்துவிட்டாள். அதுவும் பாலாய் ராயா பொதுமண்டபத்தில், தோட்டமே கூடியிருக்கும்போது.

"இது பைத்தியக்கார ஆஸ்பத்..." என்று ரோகினி ஆரம்பித்ததுதான் தாமதம்.

"இல்லக்கா! இது கண் ஆஸ்பத்திரி!"

ரோகினி திரும்பி முறைத்தாள். "கீழ என்ன எழுதியிருக்குனு தெரியுதா உனக்கு?"

"தெரியுதுக்கா. கண்ணுன்னுதான் எழுதியிருக்கு."

தம்பின் ஊர்ப் பக்கம் இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் படம் போடுவார்கள். சன்னலுக்கெல்லாம் கைலி கட்டினால் தியேட்டர் தயார். வெள்ளைக்காரப் படமென்றால், கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது ரோகினி. சிரம்பானில் பேங்க் உத்தியோகம் பார்க்கிறவள், அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

இந்த மாதப் படம், படம் போடும் பையன் யோகேந்திரன் தேடிப் பிடித்தது. போஸ்டரில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தாராம். குடும்பப் படம் என்று நினைத்துவிட்டான். ஓடவிட்ட பிறகுதான் தெரிந்தது, அது பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் கொலைமேல் கொலை விழுகிற பழைய திகில் படம்.

கடையில் இரண்டு ரொட்டி வேண்டுமென்றால்கூட விரலைக் காட்டுகிறவள் ரதி. ஆனால் முன்வரிசையில் தேவன் உட்கார்ந்திருந்தார்.

மனநல வார்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார். வந்ததிலிருந்து அறைக்கதவைத் திறக்கவில்லை. அவர் மனைவி பஞ்சாலை கெஞ்சிக் கூத்தாடி அன்றுதான் வெளியே கூட்டிவந்திருந்தாள்.

"யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா, இனி மனுசன் வாசலத் தாண்ட மாட்டாரு ரதி" என்று உள்ளே நுழையும்போதே சொல்லியிருந்தாள்.

நல்லவேளை, மூக்குக் கண்ணாடியை வார்டிலேயே தொலைத்துவிட்டு வந்திருந்தார். கீழே ஓடும் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. காதில் விழுவதுதான் கதை.

ரதி மடியில் தூங்கும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதையை ஆரம்பித்தாள்.

திரையில் ஒருவன் தலைதெறிக்க ஓடினான். நாலு பேர் துரத்தினார்கள்.

"கண் ஆஸ்பத்திரியில ஏன்டி ஓடுறான்?" தாயம்மா கேட்டாள். எழுபது வயது. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சந்தேகத்துக்குக் குறைவில்லை.

"சொட்டு மருந்து எரியுதாம் பெரியம்மா."

பிடித்துவந்து கட்டிலோடு கட்டினார்கள்.

"கைய ஏன் கட்டுறாங்க?"

"கண்ணக் கசக்கக் கூடாதுல்ல."

தலையில் எதையோ மாட்டி சுவிட்சைத் தட்டினார்கள். அவன் அலறிய அலறலில் பாலாய் ராயாவின் தகரக் கூரையே அதிர்ந்தது.

"ஐயோ, இது என்னடி?"

"பவர் செக் பண்றாங்க. கொஞ்சம் கூடிப்போச்சாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரோகினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோகேந்திரன், படத்த நிறுத்து! இவளே இப்படி உளறினா, நான் எதுக்குலா?"

எழுந்து நின்றவள் கண்ணில் அப்போதுதான் முன்வரிசை பட்டது. தேவன் தலையைக் குனிந்து வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பஞ்சாலை அவர் கையைப் பிடித்தபடி ரோகினியையே பார்த்தாள்.

ரோகினி மெதுவாக உட்கார்ந்தாள்.

திரையில் டாக்டரையே அறையில் தள்ளிப் பூட்டினார்கள்.

"அடியே, டாக்டர ஏன் பூட்டுறாங்க?"

ரதி திரையையும் தாயம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தேவன் நாற்காலியில் நெளிந்தார்.

"அவருக்கும் கண்ணு நோவு பெரியம்மா" என்று ரோகினியின் குரல் வந்தது. "ஒட்டிக்கும்ல, அதான் தனியா வைக்கிறாங்க."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் படத்தைக் கரையேற்றினார்கள். கிணற்றில் கிடந்த பிணம் குளிர்ச்சிக்கு முங்கிக் குளித்தது. போலீஸ் வந்தது இலவச மூக்குக் கண்ணாடி வாங்கிப் போக.

கடைசிக் காட்சி. நோயாளி ஒருவன் கையில் கத்தியோடு, கண்ணில் நீர் வழிய நின்றான்.

மண்டபமே ரதியைப் பார்த்தது.

"கண்ணு தெரிஞ்சிருச்சு பெரியம்மா. இனி யார் துணையும் வேணாம், பழத்த அவனே வெட்டிச் சாப்பிடுவான்."

தாயம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "நல்ல படம்லா. பிள்ள குட்டியோட பாக்கலாம்."

கைலிகளை அவிழ்த்ததும் வெயில் உள்ளே அடித்தது. வெளிச்சம் வந்ததும் ரதிக்குப் பழைய கூச்சம் வந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தாள்.

"தங்கச்சி."

தேவன் நின்றிருந்தார். பக்கத்தில் பஞ்சாலை.

"இந்தப் படத்த வார்டுல ரெண்டு வாட்டி டிவியில பாத்திருக்கேன். அவன் பழம் வெட்டல."

ரதிக்கு முகம் வெளிறிப்போனது. "அண்ணே... அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"மொத சீன்லயே எந்திரிச்சு வீட்டுக்கு ஓடத்தான் பாத்தேன்" என்றார் தேவன். "நீ வாக்கப்பட்டு வந்து ஆறு வருசமாச்சு, நாலு பேரு முன்னால வாயத் தொறந்ததே இன்னிக்குத்தான். நான் பாதியில எந்திரிச்சா நீ பயந்து நிறுத்திடுவியேன்னுதான், பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."