ஆற்றின் காப்பாளர்

“ஆத்துக்கும் எனக்கும் சண்டை வந்தா நீ யாரு பக்கம் நிப்ப?” ஆற்றையும் ஓர் ஆளென்று சட்டம் ஏற்று, செண்பகவல்லியை அதன் காப்பாளராக நியமித்த அன்று, கணவன் மாசிலாமணி சிரித்துக்கொண்டே கேட்டான்.

இன்று ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கரையில் அவர்களுடைய நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. அவள் கைரேகை வைத்தால்தான் ஆற்றுத் தண்ணீரை இறைக்கும் மோட்டார் ஓடும்.

“அரை மணி நேரம் விடு புள்ள. இன்னிக்கு நனையலேன்னா நாத்து அத்தனையும் போச்சு.”

“விட்டா ஆறு செத்துடுமுங்க. கீழ ஏழு ஊருக்குக் குடிதண்ணி நின்னுடும். கொலைக் கேசு உங்க மேல விழும்.”

“நான் செத்தா யாரு மேல விழும்?”

அவள் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

மாசிலாமணி மாட்டை அவிழ்த்து வந்து நாற்றங்காலுக்குள் விட்டான். அது மேயத் தொடங்கியதும் போய்விட்டான்.