பேர் வெட்டாத பாலாடை

விவாகரத்து முடிந்துவிட்டது. தொண்டாமுத்தூர் வீட்டு வாசலில் பாத்திரங்கள் வெயிலில் பரப்பிக் கிடக்கின்றன. சீராக வந்தவையெல்லாம் மோகனப்பிரியாவோடு திரும்பிப் போகின்றன. லோடு ஆட்டோக்காரர் ஷேக் பரீத் ஒவ்வொன்றையும் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் வெட்டியிருக்கும் பேரைப் படிக்கிறார். "இது உங்களுதுங்க அம்மணி. இது சாரோடதுங்க." மற்றபடி, குடத்தில் சொம்பு இடிக்கும் சத்தம்தான். மதன்குமார் கேட்டைப் பிடித்தபடி நிற்கிறான். அவள் துடைத்த தட்டையே துப்பட்டாவால் மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறாள். கவிழ்த்த அண்டாவிலிருந்து சின்னதாக ஒரு வெள்ளிப் பாலாடை உருண்டு விழுகிறது. பரீத் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "ஏனுங்க, இதுல மட்டும் பேரே இல்லீங்களே. ஆருதுங்க இது?" அவள் கை நின்றுபோகிறது. பேர் வைக்கும் முன்பே போய்விட்ட பிள்ளைக்கு வாங்கியது அது. அதன் குழிவில் வெயில் ஒரு சொட்டாகத் தேங்கி நிற்கிறது. "எங்க ரெண்டு பேரோடதுங்க" என்கிறான் மதன்குமார். அவள் தலையசைக்கிறாள். ஆனால், வாங்கிக்கொள்ள இருவருமே கை நீட்டவில்லை. நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், பாலாடையைக் கீழே வைக்கவும் மனம் வராமல், பரீத் அப்படியே நிற்கிறார்.