பிளந்த மரம்

வாசகர்கள் சந்தேகம் கேட்பதற்காக வைத்திருந்த தொலைபேசி பதினோரு நாளைக்குப் பிறகு அடித்தது.

அகராதி அலுவலகத்தில் சொற்களின் பிறப்பைத் தேடும் பிரிவில் இப்போது அவர் ஒருவர்தான். மற்ற மூன்று மேசைகளிலும் அட்டைப்பெட்டிகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவருக்கு 'வேர்க்காரர்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள்கூட ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

ஓர் அம்மாள். கையில் ஏதோ பட்டியல் போலிருக்கிறது. அதிலிருந்த ஆங்கிலச் சொல் ஒன்றை எழுத்தெழுத்தாக வாசித்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

ஸ்கீ.

பனிமேல் சறுக்கிப் போகக் காலில் மாட்டிக்கொள்ளும் நீளப் பலகை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். காலையிலிருந்து வாய் திறக்காத மனிதர். பிடித்துக்கொண்டார்.

அது ஆங்கிலேயனின் சொந்தச் சொல்லே இல்லை, நார்வேக்காரனிடம் வாங்கியது என்றார். அங்கே அதை 'ஷீ' என்பார்கள். அதற்கும் முந்தைய பழைய மொழியில் அது வெறும் பிளந்த மரம். பிளந்த விறகுக்கும் அந்தப் பெயர்தான். அடுப்புக்குள் போக வேண்டியதைக் காலில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான் பாருங்கள் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் 'ம்' கொட்டிக் கேட்டார். அவர் பேச்சுக்கு ஒருவர் 'ம்' கொட்டி எத்தனை காலமாயிற்று.

பேச்சை விட மனமில்லாமல், இந்த வெயில் ஊரில் அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று விசாரித்தார். மகன் அந்தப் பக்கம் வேலையில் இருந்தவன், அவனுடைய சாமான்கள் இன்றைக்குத்தான் வந்து இறங்கின என்றார் அம்மாள்.

அப்படியானால் கவலையை விடுங்கள், பையன் வந்ததும் அவனே மாட்டிக் காட்டுவான் என்றார் வேர்க்காரர்.

'ம்' வரவில்லை.

"சாமான் மட்டுந்தான் சார் வந்துச்சு."

வேர்க்காரருக்கு விறகு என்று சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. தொலைபேசியை வைக்கவும் கை வரவில்லை. அந்தப் பக்கமும் யாரும் வைக்கவில்லை.

எதையாவது கேட்க வேண்டுமே என்று, அது எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டார்.

தரையில் எதையோ இழுக்கும் சத்தம். பிறகு சுவரில் உரசும் சத்தம்.

"நிமித்தி வச்சா அவன் உசரந்தான் சார்."