பள்ளம் மூடும் விழா

பதினேழாம் வார்டு ரோட்டில் ஒரு பள்ளம். தணிகாசலம் ஒருநாள் சைக்கிளோடு அதில் விழுந்தார். எழுந்து நின்று அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் அவரைக் கவுன்சிலர் ஆக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து பள்ளத்துக்கு உயிர் பயம்.

"நாயண்ணே, என்னை மூடுறேன்னு சொல்லித்தான் அந்த ஆளு ஜெயிச்சிருக்கான். என் கதை முடிஞ்சுது."

"சும்மா கிட. அவனைத் தூக்கி விட்டதே நீதான்," என்றது தெருநாய்.

இரண்டு தேர்தல் போனது. சைக்கிள் காராயிற்று. மூன்றாவது தேர்தலுக்கு முந்தின மாதம், ஜல்லி லாரி ஒன்று பள்ளத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே, வந்துட்டானே!"

"இரு. முதல்ல விழா நடக்கணும்."

பள்ளம் கண்ணை இறுக மூடிக்கொண்டது. கடப்பாரையால் ரோட்டைக் குத்தி, எட்டுக் கால் நட்டுப் பந்தல் போட்டார்கள். தணிகாசலம் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, மாலையோடு காரில் ஏறினார். லாரி அடுத்த வார்டு விழாவுக்குக் கிளம்பியது. பந்தல்காரர் கால்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பள்ளம் கண்ணைத் திறந்தது. சுற்றிலும் எட்டுக் குட்டிப் பள்ளங்கள்.

"அம்மா, எங்களை மூடிருவாங்களா?"

"பயப்படாதீங்கடா கண்ணுகளா. விழாதான் எடுப்பாங்க."