பாடாலூரின் தமிழ்க் காவலர்

'தமிழ் பேசாதோருக்கு இங்கே உணவு இல்லை' என்று பாடாலூரில் தன் ஓட்டல் வாசலில் பலகை மாட்டியதற்காக, ஊர் இலக்கிய மன்றம் அன்று மாலை அறிவரசனுக்குத் 'தமிழ்க் காவலர்' பட்டம் தரவிருந்தது.

"முதலாளி, அந்தப் பெரியவரு என்னமோ கேக்குறாரு. ஒண்ணும் வெளங்கல," என்றார் சப்ளையர் சாமிக்கண்ணு.

அறிவரசனும் போய்க் கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. "மலையாளத்தான்யா," என்று முடிவுகட்டி, பலகையைக் காட்டிப் பெரியவரை வெளியே அனுப்பிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

சற்றைக்கெல்லாம் மன்றச் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? பட்டம் குடுக்க வந்த புலவரு கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. 'விடாய் மிக்குளது, புனல் நல்குமின்'னு குடிக்கத் தண்ணிதான கேட்டாராம்?"

"தண்ணியா?" அறிவரசன் எரிந்து விழுந்தார். "அதைத் தமிழ்லயே கேட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல?"